மாசம் நாற்பது ரூபாய், நாளைக்கு ஒரு கேள்வி

காலை ஆறு மணிக்கு என் இருப்புச்சட்டியில் எண்ணெய் காய்ந்து நிற்கும். தேன்குழல் அச்சைக் கையில் எடுத்துவிட்டால் பிழிந்து முடிக்காமல் கீழே வைக்க முடியாது. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடிக்கும். திண்ணையில் இருந்தபடியே மகள் கத்துவாள்.

"அம்மா, கேள்வி வந்துருச்சு!"

"படி."

"கிராம்பு அந்த மரத்தோட எந்தப் பகுதி? வேரா, பட்டையா, மொட்டா, விதையா?"

"மொட்டு. இதெல்லாம் ஒரு கேள்வியாடி?"

ஆறு மாதமாக எங்கள் வீட்டில் இப்படித்தான் பொழுது விடிகிறது.

காரைக்குடியில் ஒருவர் வாட்ஸ்அப் குழு வைத்து நடத்தும் பொது அறிவுக் கேள்வி சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பேர் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், நாளைக்கே கொப்புடையம்மன் கோவில் வாசலில் அவர் முகத்தில் விழிக்க வேண்டியவள் நான். ஊர்க்காரர்களுக்குப் படித்ததும் யாரென்று தெரிந்துவிடும். அதற்கு நான் என்ன செய்ய?

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மாதம் 40 ரூபாய், ஒன்றாம் தேதி ஜிபேயில் அனுப்ப வேண்டும். காலை 6 மணிக்கு ஒரே ஒரு கேள்வி. பதில் ராத்திரி 9 மணிக்கு. நடுவில் பதினைந்து மணி நேரம் யார் வேண்டுமானாலும் பதில் போடலாம், மறுத்துப் பேசலாம், சண்டை போடலாம். கூகுளில் தேடி அதைப் படம் பிடித்துப் போட்டால் மட்டும் அழித்துவிடுவார். மாதக் கடைசியில் அதிகம் சரியாகச் சொன்னவருக்கு ஒரு டின் பலகாரம் பரிசு. அந்தப் பலகாரம் போன இரண்டு மாதமாக என்னிடம்தான் வாங்குகிறார். அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா? விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆகவே நான் பாட்டுக்கு எழுதலாம் என்று நினைக்கிறேன்.

சேர்ந்தது எனக்காக இல்லை. மகள் குரூப் 4 எழுதுகிறாள். கழனிவாசலில் டியூஷன் போகிற பிள்ளை ஒருத்தி சொல்லி, பணம் கட்டிச் சேர்த்துவிட்டேன். அவள் ஒரே மாதத்தில் கையை விரித்துவிட்டாள். "அம்மா, பரீட்சையில மூணு மணி நேரத்துல இருநூறு கேள்விம்மா. இவரு ஒரு நாளைக்கு ஒண்ணு கேட்டா நான் எப்ப முடிக்கிறது?" அவள் சொன்னது நியாயம். போட்டித் தேர்வுக்காக இதில் சேர நினைக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், இது அந்தச் சரக்கு இல்லை. அவள் போனிலிருந்து விலகினாள், நான் என் போனில் சேர்ந்தேன். கேள்வியை வாசித்துச் சொல்லும் வேலை மட்டும் அவளுக்கு மிச்சம்.

நான் பிளஸ் டூ வரைக்கும்தான். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு ஆச்சி வீட்டில் பலகாரத்துக்குக் கைவேலைக்குப் போனேன். மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் எல்லாம் அந்த ஆச்சி அடித்துத் திட்டிச் சொல்லிக்கொடுத்தது. இப்போது தனியாக ஆர்டர் எடுத்துச் செய்கிறேன், கூடவே மசாலாப் பொடியும். நாள் பூராவும் கைக்கு வேலை உண்டு, வாய்க்கும் மூளைக்கும்தான் வேலை கிடையாது. இந்த நாற்பது ரூபாய் அங்கேதான் வந்து உட்கார்ந்தது.

எனக்கு இதில் பிடி விழுந்தது ஒரு கல்பாசிக் கேள்வியில்.

"செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசி எது? செடி, பாசி, பூஞ்சை, இவை எதுவுமில்லை." படித்ததும் சிரித்துவிட்டேன். முப்பது வருஷமாகக் கையால் அள்ளிப் போடுகிறேன், என்னிடம் கேட்கிறாரே என்று. பேரிலேயே பாசி இருக்கிறது, பாசிதான் என்று போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். ஆனால் மனசு நிற்கவில்லை. மத்தியானம் அடுப்பை அணைத்த பிறகு டின்னைத் திறந்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மேல்பக்கம் சாம்பலும் பச்சையும் கலந்த நிறம், காய்ந்த வெற்றிலை ஓரம் சுருண்டதுபோல. திருப்பினால் அடிப்பக்கம் கரிக்கறுப்பு. காம்பு இல்லை, நரம்பு இல்லை. கிழித்தால் இலை மாதிரி கிழியவில்லை, பழைய தோல் மாதிரி பிய்ந்தது. அதில் மரப்பட்டைத் தூள் ஒரு இணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. மோந்து பார்த்தால் மண்வாசம்தான். எண்ணெயில் விழுந்தால்தான் அந்த வாசனை எழுந்து வரும். இத்தனை வருஷத்தில் அடிப்பக்கம் கறுப்பு என்பதையே அன்றைக்குத்தான் கவனித்தேன். உடனே என் பதிலை அழித்துவிட்டு "எதுவுமில்லை" என்று மாற்றினேன். மாற்றலாம், எட்டே முக்காலுக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும்.

ராத்திரி பதில் வந்தது: கல்பாசி ஒரு லைக்கன். பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர். பாசி வெயிலில் சாப்பாடு தயாரிக்கும். பூஞ்சை அதற்கு வீடாக இருந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டி மெதுவாக வளரும். இதைப் படித்த பிறகு கல்பாசியை நான் அள்ளிப் போடுவதில்லை, எண்ணித்தான் போடுகிறேன். விலை ஏறினாலும் முன்னைப்போல் வயிறு எரிவதில்லை.

இந்தச் சேவையில் நான் காசு கொடுப்பது அந்த ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில் இருக்கிற பொழுதுக்குத்தான். பதில் கையோடு வந்திருந்தால் டின்னைத் திறந்திருக்கவே மாட்டேன்.

குழுவில் இருநூறு பேருக்குக் கொஞ்சம் மேலே. பாதிப் பேர் வாயே திறப்பதில்லை. பேசுகிறவர்களில் மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார், ஒரு பழைய பேங்க் சார், முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி. ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது, தட்டச்சு வராது, குரல் பதிவுதான். மற்றவர்கள் எல்லாம் என்னை 'பலகாரக்கா' என்பார்கள். ஆச்சி மட்டும் "என்னத்தா" என்றுதான் ஆரம்பிக்கும்.

இவர்கள் எல்லாம் ஒரே நாளில் பேசியது பேங்க் கேள்விக்கு. "தொடங்கிய நாளிலேயே வெளிநாட்டிலும் கிளை திறந்த, காரைக்குடியோடு தொடர்புள்ள வங்கி எது?" நம் ஊரில் இதற்குப் பதில் தெரியாதவர் உண்டா? இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் ஆரம்பித்தது. 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் திறந்தார்கள். ஆறே காலுக்குள் முப்பது பேர் சரியாகப் போட்டுவிட்டார்கள். இன்றைக்குச் சப்பென்று போய்விட்டது என்று நினைத்தேன்.

பதினோரு மணிக்கு பேங்க் சார் வந்தார். "பதில் சரி. கேள்வி தப்பு" என்று ஒரு வரி. அவ்வளவுதான். அரை மணி நேரம் ஆளைக் காணோம். குழு கொதித்துவிட்டது. பிறகு வந்து நிதானமாக எழுதினார்: பர்மாவை பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பிரித்தது 1937 ஏப்ரல் 1-ஆம் தேதி. பிப்ரவரி 10 அன்றைக்கு ரங்கூன் வெளிநாடே இல்லை. பேங்க் திறந்து ஐம்பதாவது நாள்தான் அது வெளிநாடு ஆனது.

பழைய சாமான் கடைத் தம்பி விடவில்லை. "அப்ப பேர்ல எதுக்குண்ணே ஓவர்சீஸ்?" பேங்க் சார்: "கடலைத் தாண்டித்தானே தம்பி இருக்கு?" இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஆச்சியின் குரல் வந்தது. நான் மாவுருண்டை பிடித்துக்கொண்டே கேட்டேன். "எங்க அப்பச்சி ரங்கூனுக்குப் போறத வெளிநாடு போறேன்னு சொன்னதே இல்ல. கடைக்குப் போறேன்னுதான் சொல்வாகளாம். சப்பான்காரன் வந்தப்ப அந்தக் கடைய அப்படியே போட்டுட்டு நடந்தே வந்தாக. அது வெளிநாடுன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு." ஒரு நிமிஷம் யாரும் எதுவும் போடவில்லை.

அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்குப் பதிலோடு ஒரு திருத்தமும் வந்தது: 'வெளிநாட்டிலும்' என்பதைக் 'கடல் தாண்டியும்' என்று படித்துக்கொள்ளவும். அந்த ஒரு வரிக்காகவே மூன்று மாதப் பணம் தரலாம். மறுநாள் எனக்கு ரங்கூன் புட்டுக்கு இரண்டு ஆர்டர் வந்தது தனிக்கதை.

உள்ளூர்க் கேள்வி கேட்பதில் மனுஷன் கெட்டிக்காரர். ஏவி.எம். ஸ்டூடியோ சென்னைக்குப் போவதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று கேட்டார். தேவகோட்டை ரஸ்தா. 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம், 1948-ல்தான் சென்னைக்குப் போனார்கள். ரஸ்தா வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிற கல்லூரிப் பிள்ளைகள் ஒருத்தருக்கும் தெரியவில்லை. மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பச் செட்டியார் கொடுத்தது எவ்வளவு என்று ஒருநாள்: 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். 1948 ஜூலை 25-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். ஆய்வகத்து சார் அன்றைக்குப் பெருமையில் காலையிலிருந்து ராத்திரி வரை எழுதிக்கொண்டே இருந்தார், பாதிக்கு மேல் நான் படிக்கவில்லை. மன்னிக்கணும் சார், அன்று முகூர்த்த நாள், சீர்ப்பலகாரம் நாலு வீட்டுக்கு.

நகரத்தார் கோவில் ஒன்பதையும் சொல்லச் சொன்ன நாள்தான் வேடிக்கை. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. அவரவர் தங்கள் கோவிலை முதலில் எழுதி, எட்டு வரைக்கும் மளமளவென்று வந்து, ஒன்பதாவதில் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் குன்றக்குடியைச் சேர்த்து ஒன்பதாக்கிவிட்டார். ஆச்சி மூச்சு விடாமல் ஒன்பதையும் சொல்லிவிட்டு, "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப்போனா மொதல்ல எந்தக் கோவில்னுதானப்பா கேப்பாக" என்றது. ஒரே கோவில், ஒரே பிரிவென்றால் பங்காளி முறை, சம்பந்தம் கிடையாது. ஆச்சிக்கு அது பொது அறிவு இல்லை, வீட்டு விஷயம்.

இனி குறை.

முதல் குறை, அவர் சில பழைய கைடு புத்தகங்களை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார். "இந்தியாவின் தேசிய விளையாட்டு எது?" என்று ஒருநாள். ராத்திரி பதில்: ஹாக்கி. அப்படி ஒன்று அறிவிக்கப்படவே இல்லை. 2012-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகமே பதில் கொடுத்தது. இதை என் மகள் பாடத்திலிருந்து எடுத்துச் சொல்ல, நான் குழுவில் போட்டேன். அவர் சொன்னது: "புத்தகத்தில் அப்படித்தான்கா இருக்கு." புத்தகத்தில் இருந்தால்? மறுநாள் நினைவுபடுத்தினேன், கைகூப்பும் படம் ஒன்று வந்தது. பேங்க் சார் சொன்னால் திருத்தம் வருகிறது, பலகாரக்கா சொன்னால் கைகூப்பும் படம் வருகிறது. இதை நான் மறக்கவில்லை.

அதே புத்தகத்தில் வந்த இன்னொன்று: "தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், சரியா தவறா?" பதில் 'சரி'. ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. கொடைக்கானலில் மகளைக் கட்டிக்கொடுத்த ஒரு அம்மா, அங்கே பருப்பு வேகவே மாட்டேன் என்கிறதே என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. ஆய்வகத்து சார்தான் வந்து காப்பாற்றினார். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் நூறுக்கு முன்னாலேயே கொதித்துவிடும், அந்தச் சூடு பருப்புக்குப் பத்தாது. நான் சும்மா இருக்கமாட்டாமல் பாகைப் பற்றிக் கேட்டேன். கொதிக்கிற தண்ணீர் கையில் தெறித்தால் சிவக்கும். அதிரசப் பாகு தெறித்தால் தோலோடு வரும். இரண்டும் கொதிப்பதுதானே? அவர் சொன்னார், சர்க்கரையோ வெல்லமோ கரைந்தால் கொதிநிலை ஏறும், தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் ஏறும், நீங்கள் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கிற பதம் 115 டிகிரிப் பக்கம் இருக்கும் என்று. எனக்குப் பலகாரம் சொல்லிக்கொடுத்த ஆச்சியிடம் தெர்மாமீட்டர் இருந்ததில்லை. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் கூட்டி, உருண்டு கிண்ணத்தில் 'டக்'கென்று தட்டாமல் மெத்தென்று நின்றால் இறக்கு என்பார்கள். அந்த மெத்துக்கு ஒரு எண் இருக்கிறது என்று அறுபது வயதை நெருங்குகையில் எனக்குத் தெரிந்தது. கேள்வி மட்டம், பேச்சு உசத்தி. இந்தக் குழுவில் இப்படி அடிக்கடி நடக்கும்.

இரண்டாவது குறை பெரிசு. போன பங்குனியில் 'ப்ரீமியம்' என்று ஒன்று கொண்டுவந்தார், 150 ரூபாய். டெலிகிராமில் நாளைக்குப் பத்துக் கேள்வி. விடையைத் தொட்டால் உடனே பச்சையோ சிவப்போ காட்டும், கீழே எத்தனை சதவீதம் பேர் சரி என்றும் வரும். ஆசைப்பட்டு ஒரு மாதம் கட்டினேன். ஆறு மணிக்கு வந்தால் ஆறு பத்துக்கு முடிந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை, பேச இடமும் இல்லை. வெள்ளி கிரகம் தன்னைத்தானே ஒரு தடவை சுற்ற ஆகும் நேரம் அதன் ஒரு வருஷத்தைவிட நீளம் என்று ஒருநாள் வந்தது. எப்பேர்ப்பட்ட சங்கதி! ஒரு முழு நாள் வைத்துப் பேசியிருக்கலாம். ஆச்சி என்ன சொல்லியிருக்கும்? பச்சை காட்டியது, அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டது. அந்த மாதம் வந்த முந்நூறு கேள்வியில் எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான். பரீட்சைப் பிள்ளைகளுக்கு அது உதவும், மகளும் அதைத்தான் வைத்திருக்கிறாள். என்னைப்போல் ஆட்கள் 150 ரூபாயை மிச்சம் பிடித்து நல்ல நல்லெண்ணெய் வாங்கலாம்.

ஆனால் ப்ரீமியம் வந்தபிறகு நாற்பது ரூபாய்க் கேள்வியில் கவனம் குறைந்துவிட்டது. நாலைந்து நாள் பழைய கேள்வியே திரும்பி வந்தது. ஒருநாள் பதில் ஒன்பது மணிக்கு வராமல் மறுநாள் காலை வந்தது. ராத்திரி பத்தரை வரை முழித்திருந்தேன், எதற்கென்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது: ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்பதற்கு. மூன்று.

ஒரு நல்லதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கண்டதையும் அனுப்ப அங்கே இடமில்லை. உலகத்திலேயே சிறந்த தேசிய கீதம் நம்முடையது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக வருஷா வருஷம் சுற்றுமே, அந்தப் புரளியை ஒருவர் போட்டார். ரெண்டு நிமிஷத்தில் அழித்து, யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை என்று பணிவாக எழுதினார். போட்டவர் ஊரில் பெரிய மனிதர். அதற்குத் துணிச்சல் வேண்டும். என் மற்ற குழுக்களில், சொந்தக்காரர்கள் குழு உட்பட, இந்தத் துணிச்சல் ஒருத்தருக்கும் இல்லை.

யார் சேரலாம்? வேலை கையில் இருந்து மனசு சும்மா இருக்கிறவர்கள். கடையில் உட்கார்ந்திருப்பவர்கள், தையல்காரர்கள், வெளியூரில் இருந்துகொண்டு ஊர் ஞாபகத்தில் இருக்கிறவர்கள். சிங்கப்பூரிலிருந்து நாலைந்து பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கேள்வி எட்டரைக்குப் போய்ச் சேரும். கேட்டதும் பதில் வேண்டும் என்கிற அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். ஆச்சி பேசுகிற நாளில் ஐந்து.

இன்று ஒன்றாம் தேதி, பணம் அனுப்பியாகிவிட்டது. ஜிபேயில் எதற்கு என்று எழுத ஒரு சின்ன இடம் இருக்கிறதல்லவா? மற்றவர்கள் அதில் மாதத்தின் பேரைப் போடுவார்கள். நான் நாலு மாதமாக 'ஹாக்கி' என்று எழுதித்தான் அனுப்புகிறேன்.